எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவின் பெரியவர்களுக்கு

அன்புள்ள பெரியப்பா, அத்தை, மாமா, சித்தப்பா, சித்தி எல்லாருக்கும்,

கோபத்தில் எழுதவில்லை. கொஞ்சம் கோபமும் இருக்கிறது என்பதை மறைக்கவும் இல்லை.

நேற்று காலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள் நம் குழுவில் வந்த ஃபார்வர்டுகளை எண்ணினேன். பதினொன்று. இரண்டு விபத்து வீடியோ, பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஓர் எச்சரிக்கை, பீர்க்கங்காய் சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று ஓர் ஆடியோ, மீதியெல்லாம் நாடு நாசமாய்ப் போகிற கதை. ஆடியோவைக் கேட்ட கையோடு அம்மா நறுக்கி வைத்திருந்த பீர்க்கங்காயை முறத்தோடு கொண்டுபோய்க் கொட்டிவிட்டார். மொட்டை மாடியில் அவரே பந்தல் போட்டு வளர்த்த காய். அப்பா மூன்று தடவை பிரஷர் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போனது. கூடாமல் என்ன செய்யும்?

அத்தை, அந்தச் செய்திகளின் தலையில் இருக்கும் இரட்டை அம்புக்குறி அலங்காரம் இல்லை. பல கை மாறி வந்த சரக்கு என்று அர்த்தம். 2018 மே மாதம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைப் பாட்டி ஒருவரை, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக அடித்தே கொன்றார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற இதே வதந்திதான். அதே வருஷம் ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்ஆப் கட்டுப்படுத்தியது. 2020-ல் இரட்டை அம்புச் செய்தியை ஒரு தடவைக்கு ஒரே இடம்தான் என்றாக்கியது. அதற்கும் சளைக்காமல் ஒவ்வொரு குழுவாக அனுப்பும் மாமாவின் பொறுமையே பொறுமை!

குறையே சொல்லக் கூடாது என்பதில்லை. ஆனால் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு சாரார் வாரம் ஒருமுறை நன்றி சொல்லத் தக்கவற்றையும், இன்னொரு சாரார் எரிச்சல் மூட்டியவற்றையும் பத்து வாரம் எழுதினார்கள். நல்லதை எழுதியவர்களுக்குத்தான் வாழ்க்கை நிறைவாகப் பட்டது. நாம் அந்த எரிச்சல்காரர்களைவிட மோசம். அவர்களாவது சொந்த எரிச்சலை எழுதினார்கள். நாம் ஊரான் பயத்தைக் கடன் வாங்கிப் பங்கு போடுகிறோம்.

போன மாதம் கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த சித்தப்பா, "கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன்" என்று ஒரு வரி போட்டிருந்தார். அதற்கு மேலே ஒரு லாரி விபத்து, கீழே ஒரு கேஸ் சிலிண்டர் வெடிப்பு. ஒருவரும் பதில் போடவில்லை. நானே மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தேன்.

பெரியப்பா, அட்மின் நீங்கள்தான். ஒரே ஒரு மாதம் ஃபார்வர்டை நிறுத்திப் பாருங்கள். உங்கள் மூட்டு வலியைச் சொல்லுங்கள், சித்தி கரண்ட் பில்லுக்குப் புலம்பட்டும். எல்லாம் நம் வீட்டுச் சங்கதி, கேட்டுக்கொள்கிறோம்.

சித்தப்பா, இப்போது எந்தப் பேப்பர் வாங்குகிறீர்கள்?

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக் கடைக்குட்டி