போனைத் திருப்பிக் கொடு, பேச்சி

தாராவி, மும்பை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பேச்சிக்கு,

தங்கம் எழுதுகிறேன். அண்ணாச்சிக்கு முட்டுவலி குறைந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே மழை விட்டு ஒரு வாரம் ஆகிறது, தீபாவளித் தையல் குவிந்து கிடக்கிறது.

வீட்டில் ஆள் இருப்பதால் போனில் பேச முடியவில்லை என்று நீ எழுதிய கடைசிப் பக்கத்தை நாலு தடவை படித்தேன். ‘வெள்ளைப்படுதல் நிற்க என்ன செய்யணும்’ என்று மகள் தேடியதைப் பார்த்துவிட்டு, போனைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டிவிட்டாய். பயத்தில்தான் செய்திருப்பாய். ஆனால் உன்னிடம் கேட்க முடியாததைத்தானே அவள் போனிடம் கேட்டிருக்கிறாள்? நாம் பெரியவளானபோது உளுந்தங்களி தந்தார்களே தவிர, உடம்பில் என்ன நடக்கிறது என்று ஒருத்தர் வாய் திறந்தார்களா? வெள்ளைப்பட்டால் எலும்பு உருகும் என்று ஆச்சி சொன்னதை நான் முப்பது வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் எங்கள் சந்தில் ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். கல்யாணமாகி எட்டு மாதம். அரிப்பு, துர்வாடை. யாரிடமும் சொல்லாமல் ராத்திரி போர்வைக்குள் வீடியோ பார்த்து, அதில் சொன்ன பொடியைக் கரைத்து உள்ளே கழுவியிருக்கிறாள். எரிச்சல் கூடியதும், அதே ஆள் விற்ற லேகியத்துக்கு ஆறாயிரம் ரூபாய் அனுப்பியிருக்கிறாள். ஒரு நாள் மாமியார் அந்தப் போனைத் திறந்தபோது, அதே மாதிரி வீடியோக்கள் வரிசையாக வந்து நின்றன. பிள்ளைமேல் பழி விழுந்தது. அழுதுகொண்டு என் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மறுநாளே சயான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே ஒரு டாக்டரம்மா பத்து நிமிஷம் பேசினார். அந்தப் பத்து நிமிஷம் நமக்குப் பதினான்கு வயதில் கிடைத்திருக்க வேண்டும், பேச்சி. வெள்ளைப்படுவது எல்லாப் பெண்ணுக்கும் உண்டாம். மாதவிலக்குக்கும் மாதவிலக்குக்கும் நடுவில், கருமுட்டை வெளிவரும் நாட்களில், முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாக வருவது இயல்பு. அந்த இடம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அங்கே இருக்கும் நல்ல கிருமிகள் ஒரு புளிப்புத் தன்மையைக் காப்பாற்றி வைக்கின்றன, சோப்பையோ பொடியையோ விட்டுக் கழுவினால் அது கெட்டுவிடும். தயிர்த்திரி மாதிரி வந்து அரித்தால் பூஞ்சை. மீன் வாடை அடித்தால் கிருமிகளின் சமநிலை தவறியிருக்கலாம். மஞ்சள், பச்சை நிறத்தில் நுரையாக வந்தாலோ, அடிவயிறு வலித்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். சில தொற்றுகளுக்குப் புருஷனுக்கும் சேர்த்தே மருந்து கொடுக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் திரும்ப வரும். அதைக் கேட்டதும் அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். அதுவரை எல்லாம் தன் தப்பு என்றே நினைத்திருந்தாள்.

உன் கடிதம் வந்த ராத்திரி, உன் மகள் அடித்த அதே சொற்களை என் போனில் அடித்துப் பார்த்தேன். ‘மூன்றே நாளில் நிற்கும்’ என்று வரிசையாக வந்தது. பிறகு ‘வெள்ளைப்படுதல் எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்’ என்று மாற்றி அடித்தேன். டாக்டர்கள் எழுதியவை வந்தன. ‘நிற்க’ என்று கேட்டால் நிறுத்துகிறேன் என்று விற்பவன்தான் முன்னால் வருகிறான். பிள்ளைக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

முதலில் பயமுறுத்திவிட்டுக் கீழே வாட்ஸ்அப் எண் கொடுக்கும் பக்கத்தை அங்கேயே மூடச் சொல். பெண் நோய்களுக்கும் பால்வினை நோய்களுக்கும் இதுதான் மருந்து என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே சட்டம் வந்துவிட்டது, இருந்தும் அவர்கள் ஓயவில்லை. எழுதியவர் யார், எப்போது சரிபார்த்தார்கள் என்று பார்க்கச் சொல். பிரிட்டன் அரசின் மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். பக்கங்களில் கடைசியாகச் சரிபார்த்த தேதி அடியில் இருக்கும். என் மகன்தான் அதை எனக்குக் காட்டி, போனிலேயே தமிழாக்கிப் படிக்கவும் சொல்லிக் கொடுத்தான். இரண்டு பேருக்கும் முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. எச்.ஐ.வி., பால்வினை நோய் பற்றிக் கேட்க 1097 என்ற அரசாங்க இலவச எண் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளில் ‘சுரக்‌ஷா கிளினிக்’ என்று பால்வினை நோய்களைப் பார்க்கவே தனியாக உண்டு. உங்கள் பக்கத்து நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரத்தை வெளியில் சொல்ல மாட்டார்கள்.

இந்த ஊரில் ர. தோ. கர்வே என்று ஒருவர் இருந்தார். 1921-ல் இங்கே கருத்தடை மருத்துவமனை தொடங்கினார். 1927 முதல் ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ என்ற மராத்திப் பத்திரிகை நடத்தி, வாசகர்கள் இப்படிக் கூச்சத்தோடு கேட்டதற்கெல்லாம் பதில் எழுதினார். ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள். 1934-ல் அவருக்காகக் கோர்ட்டில் வாதாடியவர் நம் அம்பேத்கர். வழக்குத் தோற்றது. இருந்தும் 1953-ல் சாகும்வரை அந்தப் பத்திரிகையை அவர் விடவில்லை. அன்றைக்கு அவருக்குக் கடிதம் போட்ட பெண்பிள்ளைகளும் உன் மகளும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறார்கள்.

ஏட்டி, இன்றைக்கே பீரோவைத் திற. அவளுக்கு அரிப்போ வலியோ இருக்கிறதா என்று நீயே கேள். இருந்தால் பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கு நீயும் கூடப் போ. இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள். உனக்கு வாய் வரவில்லையென்றால் இந்தக் கடிதத்தை அவளிடமே கொடுத்துவிடு.

பொங்கலுக்கு நாகர்கோவில் வண்டியில் வருகிறேன். அவளுக்கு நீலத்தில் ஒரு சுடிதார் வெட்டி வைத்திருக்கிறேன். அளவை அவள் போனிலிருந்து அவளே அனுப்பட்டும்.

உன்
தங்கம்