"மறந்தேன்" என்பதைத் திருத்தாதீர்கள்: நாட்டார் பாடல் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாட்டார் பாடல்களைத் தொகுத்து உரை எழுதும் பதிப்பாசிரியர்களுக்கும், நாட்டார் வழக்காற்றியல் துறைகளில் அவற்றைப் பாடமாகச் சொல்லும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

இலங்கை மலையகத் தோட்டங்களில் பிறந்து, இன்று கடலின் இரண்டு கரைகளிலும் பாடப்படுகிற ஓர் ஈரடிப் பாடலைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நான் கேட்டு வளர்ந்த வடிவம் இது:

ஊரான ஊரிழந்தேன் ஒத்தப்பனைத் தோப்பிழந்தேன்
பேரான கண்டியிலே பெத்த தாய நாமறந்தேன்

அண்மையில் என் கைக்கு வந்த ஒரு தொகுப்பில், இரண்டாம் அடி "பெத்த தாயை நானிழந்தேன்" என்று அச்சாகியிருந்தது. அப்படியும் பலர் பாடுகிறார்கள். அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் அதன் அடிக்குறிப்பில், "மறந்தேன்" என்பது பாடுவோர் பிழை என்றும், "தாய்" என்பது இங்கே தாய்நாட்டையே குறிக்கும் என்றும் ஒரே வரியில் தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது. இந்தத் தீர்ப்பை எழுதுவதற்கு முன்பு, இந்தப் பாடலைக் கேட்டுக் கண் கலங்கியவர்களில் ஒருவரையாவது உட்காரவைத்து, "இதில் உங்களுக்கு என்ன கேட்கிறது?" என்று விசாரித்தீர்களா என்பதே என் முதல் கேள்வி.

முதல் அடியிலிருந்தே தொடங்குகிறேன். "ஒத்தப்பனைத் தோப்பு" என்றால் என்ன? ஒற்றைப் பனை எப்படித் தோப்பாகும் என்று வகுப்பறையில் மாணவர் கேட்பது இயல்பு. எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், அது வறுமையைச் சொல்லும் வரி என்பார்: தோப்பு என்று பெயர் சொல்லிக்கொள்ள அந்தக் குடும்பத்துக்கு இருந்தது ஒரு மரம்தான், அதுவும் போயிற்று. இன்னொருவர், அது அடையாளமரம் என்பார். இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து வெட்டவெளியில் தன் ஊர் வந்துவிட்டது என்பதைத் தொலைவிலிருந்தே காட்டுவது தனியாக நிற்கும் ஒரு பனைதான். மூன்றாவதாக ஒரு தமிழாசிரியர், அது "ஒற்றை" அன்று, "ஒத்த" என்று வாதாடினார்: ஒன்றுபோல் ஒன்று, சம உயரத்தில் நிற்கும் பனைகளின் தோப்பு. அவர் சொல்வது சரியென்றால் "ஒத்த பனை" என்றுதான் வரும். பெயரெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகாது. "ஒத்தை" என்றால் "ஒத்தப்பனை" என்று மிகும். ஆக, நீங்கள் அச்சில் ஒரு "ப்" இட்டாலும் இடாமல் விட்டாலும், வாசகருக்குத் தெரியாமலேயே அவருக்காக ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். அழுத்திப் பாடுகிறவர்களும் உண்டு, அழுத்தாமல் பாடுகிறவர்களும் உண்டு. தமிழாசிரியரின் விளக்கம் எனக்குச் சற்று வலிந்து சொன்னதாகவே படுகிறது. தோப்பு நிறையப் பனை வைத்திருந்தவன் எதற்காகத் தோட்டத்துக்கு ஆள்சேர்க்கும் கங்காணியின் பின்னால் கப்பலேறப் போகிறான்? ஆயினும் அது ஒரு வாசிப்பு. அதைச் சொல்லவிடாமல் தடுக்க எனக்கு உரிமை இல்லை.

எந்தப் பொருளை எடுத்துக்கொண்டாலும், அந்தப் பனை அங்கே நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ரயிலோடு இணைக்கப்படுவதற்கு முன்பு, தென் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களில் பலர் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளை வரை நடந்தார்கள். மன்னார் மணலில் பனை உண்டு. அதற்கப்பால் உள்காட்டுக்குள் நுழைந்து மலையேறத் தொடங்கினால் பனை இல்லை. கோப்பியும், பின்னர் தேயிலையும் விளைந்த குளிர்ந்த மலைச்சரிவுகளில் பனை வளராது. ஆகவே, பாடுகிறவரின் கண்ணிலிருந்து முதலில் மறைந்தது உண்மையிலேயே அந்த மரம்தான்.

அடுத்து "பேரான கண்டி". இந்தச் சொல்லில்தான் கேட்பவர்கள் அதிகம் பிரிகிறார்கள். புகழ்பெற்ற கண்டி என்பது நேரான பொருள். தமிழ்நாட்டுச் சமவெளியில் மலைநாடு முழுவதையும் "கண்டிச் சீமை" என்றே சொன்னார்கள், ஆகவே அது ஒரு நகரத்தின் பெயர் மட்டுமன்று. தோட்ட வேலைக்கு ஆள்சேர்த்தவர்கள் ஊரில் பரப்பிய பேச்சை நினைத்தால், அந்தப் புகழ்ச்சியில் ஒரு குத்தல் கேட்கும்: பெயர் மட்டும் பெரியதான கண்டி. முதல் அடி "ஊரான" என்று எடுத்து, இரண்டாம் அடி "பேரான" என்று எடுப்பதைக் கவனியுங்கள். ஊரும் பேரும் என்று தமிழில் எப்போதும் சேர்ந்தே வரும் இரட்டையை இந்தப் பாட்டு இரண்டாக உடைத்துவைத்திருக்கிறது. ஊர் அந்தக் கரையில் போயிற்று, பேர் இந்தக் கரையில் இன்னொன்றுக்குச் சொந்தமாக இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் கட்டியிருக்கக்கூடிய பாட்டு இது என்பதை நினைக்கும்போது, நாம் எழுதும் பொழிப்புரைகள் எவ்வளவு மெலிந்தவை என்று எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆனால் கொழுந்து பறித்த ஒரு பெண்ணுக்குப் "பேர்" என்ற சொல்லில் வேறொன்றும் கேட்கும். தோட்டத்தில் பேர் என்பது செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், விழும் ஒரு நாள் வேலை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று மலைக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுக்கும்போது குறித்த எடை வராவிட்டால் கணக்கப்பிள்ளை அரைப்பேர் போடுவார். நாள் முழுக்க நின்ற காலுக்கு அரை நாள் சம்பளம். என் சின்னம்மா இந்தப் பாட்டை விளக்கும்போது, "பேரான கண்டி" என்பதற்கு, "பேருக்காக ஓடுன கண்டி" என்று பொருள் சொன்னார். பாட்டைக் கட்டியவர் இதை நினைத்திருப்பாரா என்றால், நினைத்திருக்க மாட்டார் என்றே எனக்கும் தோன்றுகிறது. ஆனால் முப்பது ஆண்டு பேர் போட்டுக்கொண்ட ஒரு கைக்கு அந்தச் சொல் அப்படித்தான் கேட்கும் என்பதும் இந்தப் பாடலின் வரலாற்றில் ஒரு பகுதிதான். அதை எழுதிவைக்க உங்கள் அடிக்குறிப்பில் இடம் இல்லையா?

இனி, நீங்கள் திருத்திய சொல்லுக்கு வருகிறேன். இழந்தேன், இழந்தேன் என்று இரண்டு முறை வந்த பிறகு மூன்றாவதாகவும் இழந்தேன் வருவது ஒப்பாரியின் ஒழுங்குக்குப் பொருந்தும். அதனால்தான் அது உங்களுக்குச் சரியாகப் பட்டிருக்க வேண்டும். ஆனால் "மறந்தேன்" என்று முடியும்போது பாட்டு திரும்புகிறது. ஊரும் தோப்பும் அவரிடமிருந்து பறிபோனவை. அவற்றுக்குக் கடன்காரனையோ பஞ்சத்தையோ கங்காணியையோ குற்றம் சொல்லலாம். மறந்தது மட்டும் அவரே செய்தது. தன்மேல் தானே பழியைப் போட்டுக்கொள்ளும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை காலம் இந்த இரண்டு அடிகள் பிழைத்திருக்கின்றன என்பது என் எண்ணம். தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் கைக்குழந்தையை விட்டுவிட்டு மலைக்கு ஓடிய பெண்கள், "பெத்த தாய" என்பதைத் தங்களையே குறிப்பதாகக் கேட்டதும் உண்டு: பெற்றவள் என்பதையே நான் மறந்தேன். இலக்கணம் அதற்கு எளிதில் இடம் தராது. ஆனால் பால் கட்டிக்கொண்ட மார்போடு கொழுந்து பறித்தவர்கள் இலக்கணம் பார்த்துப் பாட்டுக் கேட்பதில்லை.

தாய் என்றால் தாய்நாடு என்ற உங்கள் குறிப்பு எனக்கு ஏன் இவ்வளவு உறுத்தியது என்பதையும் சொல்ல வேண்டும். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களில் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாக எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டன. அப்படிப் பங்கு பிரிக்கப்பட்டு வந்தவர்களில் என் குடும்பமும் ஒன்று. பதுளைப் பக்கத்திலிருந்தும் அட்டன் பக்கத்திலிருந்தும் தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு மலையகத்தில் "அழுகைக் கோச்சி" என்று பேர். இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் வரிசையில் நின்று, பிறகு நீலகிரிக்கு வந்து, இங்கேயும் தேயிலைத் தூரையே பிடித்தவர்களுக்கு அரசு கொடுத்த பெயர் "தாயகம் திரும்பியோர்". ஊரார் கொடுத்த பெயர் "சிலோன்காரர்". என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, பிறந்ததும், மணமுடித்ததும், தன் தாயைப் புதைத்ததும் கண்டிச் சீமையில். கப்பலில் ஏறும்வரை இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர். அவருடைய பாட்டில் வரும் தாயை நீங்கள் எந்த நாட்டோடு சேர்ப்பீர்கள்?

அம்மாயி இந்தப் பாட்டை இரண்டு விதமாகவும் பாடுவார். சிறுவனாக இருந்தபோது ஒருநாள், மழைக்கு விடுப்பு விட்டிருந்த மதியத்தில், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைத் தைத்துக்கொண்டே அவர் பாடியதை நிறுத்தி, எது சரி என்று கேட்டேன். ஊசியைச் சாக்கில் குத்திவைத்துவிட்டுச் சொன்னார்: "எங்கம்மா பாடும்போது இங்கேருந்து அங்க போன பாட்டு. நா பாடும்போது அங்கேருந்து இங்க வந்த பாட்டு. அவளுக்கு ஆத்தா உசுரோட இருந்தா, மறந்தேன்னு பாடுனா. எங்காத்தா அந்த மண்ணுக்குள்ள கெடக்கா, நா எப்புடி மறக்குறது? எழந்தேன்னுதான் பாடணும்." அதாவது, அவருடைய வாயில் "பேரான கண்டியிலே பெத்த தாயை நானிழந்தேன்" என்பது உவமையும் அன்று, குறியீடும் அன்று, இடமும் நிகழ்ச்சியும் சரியாகச் சொல்லப்பட்ட செய்தி. பாட்டில் இழந்த ஊர் எது என்று கேட்டதற்கு, பழைய தோட்டத்து லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின், பெயரைத்தான் சொன்னார். பனை எங்கே என்று நான் விடாமல் கேட்டதற்கு, "பாட்டுல இருக்குல்ல, அது போதும்" என்றார்.

நீங்கள் பாடபேதம் என்று ஒதுக்குவது எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையின் வாழ்க்கை. இரண்டில் ஒன்றைப் பிழை என்று அடித்தால் ஒரு கிழவியின் பயணத்தை அடித்ததாகிறது.

இதே போக்கை வேறு பாடல்களிலும் பார்க்கிறேன். "கூனி அடிச்ச மலை, கோப்பிக் கன்னு போட்ட மலை, அண்ணனைத் தோத்த மலை, அந்தா தெரியுது பார்" என்ற புகழ்பெற்ற பாட்டில், "தோத்த" என்பதை "இழந்த" என்று நல்ல தமிழாக்கிச் சொல்வோரைக் கேட்டிருக்கிறேன். சாவில் ஒருவரை இழப்பதைத் தோற்பது என்று சொல்லும் வழக்கில், எதிரே யாரோ ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வு இருக்கிறது. திருத்தினால் எதிராளி மறைந்துவிடுகிறான். மலை மட்டும் அப்படியே தெரிந்துகொண்டிருக்கிறது.

தொகுப்புப் பணியின் அருமை தெரியாமல் நான் எழுதவில்லை. 1947-இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போன சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தோட்டம் தோட்டமாக இந்த மக்களின் பாடல்களைத் தேடிச் சேகரித்திராவிட்டால், இவற்றில் பல எங்கள் அம்மாயிகளோடு போயிருக்கும். 2023-இல் மலையக மக்கள் இலங்கைக்கு வந்த இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தார்கள். பாட்டின் முதல் அடியைக் காலால் படித்தவர்கள் அவர்கள். அந்த நடைக்குப் பிறகு "தோப்பிழந்தேன்" என்பது அவர்களுக்கு எப்படிக் கேட்டது என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் காலம் இருக்கிறது.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் மிகச் சிறியது. பாடல் வரியோடு, அதைப் பாடியவர் என்ன வேலை செய்தவர், எங்கிருந்து எங்கே வந்தவர், எந்த வேளையில் பாடினார் என்பதையும், அந்த வரிக்கு அவரும் உடனிருந்து கேட்டவர்களும் சொன்ன பொருளையும் அச்சிடுங்கள். உங்கள் கருத்தையும் எழுதுங்கள், உங்கள் கருத்து என்று சொல்லி எழுதுங்கள். தேர்வுத்தாளில் "தாய் எதைக் குறிக்கிறது?" என்று கேட்டு, தாய்நாடு என்று எழுதாத பிள்ளைக்கு மதிப்பெண் குறைப்பதை ஆசிரியர்கள் நிறுத்துங்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, "பாட்டியின் அம்மா" என்று எழுதிச் சுழியம் வாங்கி வந்தாள்.

அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்வதற்காக, எங்கள் வீட்டுப் பதிவை நீங்கள் கையாளும் முறையிலேயே கீழே தருகிறேன்.

பாடியவர்: கொழுந்து பறித்த பெண், கண்டிச் சீமையில் பிறந்து, 1970-களில் குடும்பத்தோடு நீலகிரிக்கு வந்தவர். பாடிய வேளை: மழை நாளில், சாக்குத் தைக்கும்போது. வரி: இலங்கையில் இவருடைய தாய் பாடியது "நாமறந்தேன்", கோத்தகிரியில் இவர் பாடியது "நானிழந்தேன்". ஒத்தப்பனை: பாடியவர் பார்த்ததில்லை.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து அவருடைய பேரன்