'பைரி' யாருக்கும் மகள் இல்லை: விடைக்குறிப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். மொழியியல் தாளில் வந்த, பழைய ஈரானிய மொழியான அவெஸ்தா பற்றிய அந்தக் கேள்வியை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 'சுற்றிலும்' என்று பொருள்படும் 'பைரி' என்ற முன்னிடைச்சொல் சமஸ்கிருதப் 'பரி'யிலிருந்து பிறந்தது என்பதுதான் சரியான விடையாம். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று குறித்த என் மாணவிக்கு மதிப்பெண் இல்லை. விடையைத் திருத்துங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

ஆட்சேபிக்கக் கட்டணம் கேட்டீர்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் பெண், சாப்பாட்டுக் காசை எடுத்துக் கட்டினாள். ஆதாரம் கேட்டீர்கள், இணைத்தாள். 'அங்கீகரிக்கப்பட்ட பாடநூல் அல்ல' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அங்கீகரிக்கப்பட்ட நூலைத் தொகுத்தவர்களோ உங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள்!

சரி, நூலை விடுங்கள். 'பைரி'யின் ஐகாரம், பின்னால் வரும் இகரத்தின் சாயலாக அவெஸ்தாவுக்குள்ளேயே முளைத்தது. பழம்பாரசீகத்தில் 'பரிய்', கிரேக்கத்தில் 'பெரி'. இவற்றை மட்டும் வைத்துத் தாய் யார், மகள் யார் என்று சொல்ல முடியாது. மற்ற சொற்களையும் பாருங்கள். கைக்குச் சமஸ்கிருதத்தில் 'ஹஸ்த', அவெஸ்தாவில் 'ஃஸஸ்த' ('ஃஸ' என்பது z ஒலி). கொல்கிறான் என்பதற்கு இங்கே 'ஹந்தி', அங்கே 'ஜைந்தி'. சமஸ்கிருதத்தில் ஒரே ஹகரமாகக் கலந்துவிட்ட இரண்டு ஒலிகளை, அவெஸ்தா அதன் மகளென்றால், அந்த மகள் மட்டும் எப்படிப் பிசகாமல் பிரித்தெடுத்தாள்? பைரியோடு 'சுவர்' எனப் பொருள்படும் 'தைஃஸ' சேர்ந்த சொல்தான் கிரேக்கம் வழியே தமிழ் விவிலியத்தில் 'பரதீசு' ஆனது. அந்தத் தைஃஸவுக்கும் நம் 'தேகம்' வந்த 'தேஹ'வுக்கும் வேர் ஒன்றே. அங்கும் ஃஸகரத்துக்கு ஹகரம். ஏழுக்குச் சமஸ்கிருதத்தில் 'ஸப்த', அவெஸ்தாவில் 'ஹப்த' என்று பார்த்தால், மூல ஸகரத்தை மாற்றியது அவெஸ்தா. ஆகவே அதுவும் தாயில்லை. இவை அக்கா தங்கைகள். விடையைத் திருத்துங்கள்.

எந்தச் சொல்லுக்கும் தன் மொழியே தாய் என்று சொந்தம் கொண்டாடுவது நம் ஊர்ப் பழக்கம். எல்லாம் சமஸ்கிருதம் என்பவரும் எல்லாம் தமிழ் என்பவரும் இதில் பங்காளிகள். 1786இல் கல்கத்தாவில் மொழி ஆய்வாளர் வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதத்துக்கும் கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் பொது மூலம் ஒன்றைப் பற்றிப் பேசியபோதே பழம்பாரசீகத்தையும் அந்தக் குடும்பத்தில் சேர்க்கலாம் என்றார். செய்தி உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர 200 ஆண்டுகளுக்கு மேலாகியும் போதவில்லை போலும்.

போகட்டும். இறுதி விடைக்குறிப்பு வெளியாகும் முன், 'ஒரே மூலம்' என்று குறித்த எல்லோருக்கும் மதிப்பெண் கொடுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கட்டணத்தையும் சீக்கிரம் திருப்பிக் கொடுத்தால் நல்லது. மாதக் கடைசி.

இப்படிக்கு,
மொழியியல் ஆசிரியர் ஒருவர்