முதுகை இழுக்கும் மேசையும் தானே ஆறும் ஜவ்வும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுகுவலிக்காரரை ஒரு மேசையில் படுக்கவைத்து, மெஷினால் முதுகெலும்பை இழுத்துவிடும் 'டீகம்ப்ரஷன் தெரபி' பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிசியோதெரபிஸ்டாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அதில் சொல்லாமல் விடப்பட்ட சில செய்திகள் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும்.

இதை நவீனக் கண்டுபிடிப்பு என்கிறது கட்டுரை. முதுகெலும்பை இழுத்துச் சரிசெய்வதற்கென்று ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே மரப்பலகை இருந்தது. இடுப்பில் பெல்ட் கட்டி, கட்டில் விளிம்பில் எடை தொங்கவிட்டு ட்ராக்‌ஷன் போட்டதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று எடைக்குப் பதில் மோட்டார். இழுவிசையைக் கூட்டிக் குறைக்க கம்ப்யூட்டர். மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி பெற்றது என்று விளம்பரங்களில் பெரிதாகப் போடுகிறார்கள். ஏற்கெனவே விற்பனையில் உள்ள இழுவைக் கருவிகளுக்கு நிகரானது என்ற அளவில் தரப்படும் அனுமதிதான் அது. வலி தீரும் என்பதற்கு அது சான்றிதழ் ஆகாது.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க்கைத்தான் ஜவ்வு என்கிறோம். 'ஜவ்வுக்குள் அழுத்தம் பூஜ்யத்துக்கும் கீழே இறங்குகிறது' என்ற வாதத்துக்கு 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையை அடிக்கடி காட்டுவார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளிடம் எடுத்த அளவீடு அது. அழுத்தம் குறைந்தது உண்மையாகவே இருக்கட்டும். எழுந்து நடந்ததும் அந்த அழுத்தம் திரும்பாதா? வலி நிரந்தரமாகக் குறைந்ததா? நோயாளிக்கு வேண்டிய பதில் இந்தக் கேள்விகளுக்குத்தான்.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பிதுங்கி நரம்பை அழுத்தும் ஜவ்வு பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும். வெளியே வந்த பகுதியை உடலே அந்நியப் பொருளாகக் கருதி மெல்லக் கரைத்துவிடுகிறது. பெரிதாகப் பிதுங்கியவைதான் அதிகம் சுருங்குகின்றன என்பது கேட்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். காலுக்கு இறங்கும் சியாடிகா வலியும் பலருக்குச் சில வாரங்களிலேயே தணியத் தொடங்குகிறது. இந்தச் சிகிச்சைக்கான பேக்கேஜ் எவ்வளவு காலம் என்று விசாரித்துப் பாருங்கள். இருபது, இருபத்தைந்து அமர்வுகள், ஐந்தாறு வாரங்கள். உடல் தானே தேறும் காலமும் ஏறத்தாழ அதுதான். பெயரை மட்டும் மேசை வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் 'எனக்குக் குணமானது' என்று நாலு பேர் நல்ல மனதோடு சொல்வதைச் சான்றாக எடுக்க முடிவதில்லை. மேசையில் படுக்காத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும்.

ஒப்பிட்டும் பார்த்திருக்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2013இல் வெளியானது. அது 32 ஆய்வுகளை, மொத்தம் 2,762 நோயாளிகளை எடுத்துக்கொண்டது. கீழ்முதுகு வலிக்கு ட்ராக்‌ஷனால் வலியிலோ அன்றாட வேலைகளிலோ சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை என்பதே அதன் முடிவு. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016 வழிகாட்டலில், சியாடிகா இருந்தாலும் இல்லாவிட்டாலும் ட்ராக்‌ஷன் தர வேண்டாம் என்றது. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு வழக்கமாகத் தரக் கூடாதவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனமும் 2023இல் அதைச் சேர்த்தது. 'எங்கள் மெஷின் பழைய ட்ராக்‌ஷன் அல்ல' என்று விற்பவர்கள் சொல்லலாம். அப்படியானால் அதற்கான தரமான ஆய்வைக் காட்ட வேண்டிய பொறுப்பு அவர்களுடையது.

மேசையில் படுத்திருக்கும்போது சிலருக்குச் சுகமாக இருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அதைத் தற்காலிகச் சுகம் என்று சொல்லிக் கொடுத்தால் எனக்கு வருத்தமில்லை. 'ஆபரேஷனிலிருந்து தப்பிக்க ஒரே வழி' என்பதுதான் பொய். ஜவ்வு விலகிய பெரும்பாலோருக்கு ஆபரேஷன் தேவைப்படுவதே இல்லை. ஸ்கேன் அறிக்கையைக் காட்டிப் பயமுறுத்துவது அதைவிட மோசம். வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாலும், சுமார் 60 சதவீதம் பேருக்கு ஜவ்வு புடைத்திருப்பது தெரியும். வயதானால் தலை நரைப்பதைப் போன்றது அது.

படுத்தே கிடக்காமல் நடமாடுவது, தேறத் தேற உடற்பயிற்சியைக் கூட்டுவது, தேவைப்பட்டால் கொஞ்ச காலம் மருந்து: நாங்கள் சொல்வது சலிப்பூட்டும் வைத்தியம்தான். அதை பேக்கேஜாக விற்க முடியாது.

எலும்பு அடர்த்தி மிகவும் குறைந்து பலவீனமானவர்கள் (ஆஸ்டியோபொரோசிஸ்), முதுகெலும்பு முறிவோ புற்றுநோயோ நோய்த்தொற்றோ உள்ளவர்கள், முதுகில் திருகாணி, கம்பி பொருத்தியவர்கள், கர்ப்பிணிகள், வயிற்றுப் பெருந்தமனி வீங்கியவர்கள் இந்த மேசைப் பக்கமே போகக் கூடாது. உங்கள் கட்டுரையில் இதுபற்றி ஒரு வரிகூட இல்லை.

அடுத்த இதழில் இதையாவது கட்டம் கட்டி வெளியிடுங்கள்: முதுகுவலியோடு சிறுநீர் போக முடியாமல் அடைத்துக்கொண்டாலோ, மலமோ சிறுநீரோ அடக்க முடியாமல் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் கால் தொய்ந்தாலோ, எந்த தெரபி சென்டருக்கும் போகாமல் அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட், உங்கள் நெடுநாள் வாசகர்