பேகன்களைப் பற்றிய அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள்: ஒரு திறந்த மடல்

மாணவர்களுக்கான உலகச் சமயங்கள் கையேட்டின் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் கையேட்டின் புதிய பதிப்பு கைக்கு வந்தது. வந்ததும் நான் முதலில் புரட்டியது கிறித்தவத்துக்கு முந்தைய பழைய ஐரோப்பிய வழிபாடுகளை அடியொற்றி இன்று சிலர் பின்பற்றும் பேகன் சமயத்தைப் பற்றிய அந்தப் பக்கத்தைத்தான், அதில் ஒரு வரிகூட மாறவில்லை. எந்த வரியைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். போன பதிப்பின்போதே நானும் வேறு சில ஆசிரியர்களும் எழுதினோம், அடுத்த பதிப்பில் பரிசீலிப்பதாகப் பதிலும் போட்டீர்கள். அந்த அடுத்த பதிப்பு இதுதான். பேகன்கள் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள், சாத்தானை வழிபடுகிறவர்கள், பில்லிசூனியம் செய்கிறவர்கள் என்ற அதே வாசகம் அதே கறுப்பு மெழுகுவத்திப் படத்தோடு மறுபடியும் அச்சாகி வந்திருக்கிறது.

இதை வகுப்பில் வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "கடவுளையே நம்பாதவங்க சாத்தானை மட்டும் எப்படி சார் நம்புவாங்க?" என்று கேட்டாள். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் கண்ணில் பட்டது, பதிப்புக்குப் பதிப்பு உங்கள் குழுவில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. சாத்தான் கிறித்தவ நம்பிக்கைக்குள் வருகிற உருவம், கடவுளுக்கு எதிராளி. பேகன்களின் உலகத்தில் அப்படி ஒரு எதிராளிக்கு இடமே கிடையாது. நம்பாத ஒன்றை அவர்கள் எப்படி வழிபட முடியும்? பேகன் வழிகளில் ஒன்றான விக்கா சமயத்தில் கொம்புள்ள ஒரு ஆண் தெய்வம் உண்டு, உண்மைதான். ஆனால் அது காட்டுக்கும் வேட்டைக்கும் விளைச்சலுக்கும் உரிய தெய்வம், கூடவே நிலவோடும் பூமியோடும் சேர்த்துச் சொல்லப்படும் ஒரு பெண் தெய்வமும் உண்டு. கொம்பைப் பார்த்ததுமே சாத்தான் என்று முடிவு கட்டிவிடுவது நம் அவசரம், அவர்கள் நம்பிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, அவர்கள் என்னதான் நம்புகிறார்கள்? ஒரே பதிலாகச் சொல்ல முடியாது. எல்லாருக்கும் பொதுவான ஒரு வேதநூல் இல்லை, ஒரு நிறுவனர் இல்லை, எல்லாருக்கும் மேலே ஒரு தலைவரும் இல்லை. பேகன் சமயம் என்பது பல வழிகளுக்குச் சேர்த்து வைத்த பொதுப்பெயர். ஜெரால்டு கார்ட்னர் 1950-களில் இங்கிலாந்தில் வெளியுலகுக்குக் கொண்டுவந்த விக்கா அதில் ஒன்று. அதற்கு முன் அங்கே, மந்திர சக்தி இருப்பதாகச் சொல்லிக்கொள்வதைக் குற்றமாக்கிய 1735-ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951 வரை நடப்பில் இருந்தது. ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் தெய்வங்களான ஓடினையும் தோரையும் வழிபடும் ஆசாத்ரூ, பழங்காலக் கெல்டிய மக்களின் பூசாரிகளான ட்ரூயிடுகளின் பெயரால் வரும் வழி, பால்டிக் நாடுகளின் பழைய வழிபாட்டை மீட்டெடுக்கும் ரோமுவா என்று இன்னும் பல உண்டு. பல தெய்வங்கள் உண்மையிலேயே இருக்கின்றன என்பவர்கள் இவர்களில் இருக்கிறார்கள், இயற்கை முழுவதுமே தெய்வம் என்பவர்கள் இருக்கிறார்கள், தெய்வங்களை மன உருவகங்களாக மட்டும் எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். மூவரும் ஒரே வட்டத்தில் நின்று ஒரே சடங்கைச் செய்யவும் முடிகிறது, ஏனென்றால் என்ன நம்புகிறாய் என்பதைவிட என்ன செய்கிறாய் என்பதுதான் அங்கே பெரிதாகப் பார்க்கப்படுகிறது. எனக்கு இந்தச் சமயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது என்று நான் நினைப்பதும் இதைத்தான். உங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வாக்கியம்கூட ஒதுக்கப்படவில்லை.

செய்வது என்றால் என்ன? ஆசாத்ரூ வழியில் புளோட் என்ற சடங்கு இருக்கிறது. வெட்டவெளியில் வட்டமாக நிற்பார்கள், தேனில் காய்ச்சிய மதுவை ஒரு கொம்பில் ஊற்றிக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுப்பார்கள், வாங்குகிறவர் தெய்வத்தின் பெயரையோ இறந்துபோன முன்னோரின் பெயரையோ சொல்லி ஒரு வாய் குடிப்பார், அப்புறம் கொஞ்சம் மண்ணில் ஊற்றுவார்கள். விக்காவினர் பலர் ஆண்டுக்கு எட்டுத் திருநாள் கொண்டாடுகிறார்கள். அவற்றில் நான்கு சூரியனின் போக்கை ஒட்டி வருபவை, பகல் மிகக் குறுகிய நாள், மிக நீண்ட நாள், பகலும் இரவும் சமமாகும் இரண்டு நாள்கள். யாருக்கும் தீங்கு செய்யாதவரை உன் விருப்பப்படி செய் என்பது விக்காவினர் பெரும்பாலோர் ஏற்கும் நெறி. மந்திரம் உண்டா என்றால், பலரிடம் உண்டு. மனத்தை ஒருமுகப்படுத்தி ஒன்று நடக்க வேண்டும் என்று கேட்கும் சடங்காகத்தான் அவர்களில் பலர் அதை விளக்குகிறார்கள். இதையா பில்லிசூனியம் என்று எழுதுவது?

ஒரு வரிக்காக இவ்வளவு கோபமா என்று நினைப்பீர்கள். அந்த மாதிரி வரிகள் என்ன செய்யும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். 2005 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானில் ஓர் அமெரிக்க ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டது. இறந்தவர்களில் ஒரு சார்ஜென்ட், விக்கா வழியில் இருந்தவர். நெவாடா மாநிலத்தில் ஃபெர்ன்லி என்ற ஊரில் படைவீரர்களுக்கான நினைவுச் சுவரில் அவர் பெயர்ப்பலகையில் அவருடைய சமயத்தின் சின்னமான வட்டத்துக்குள் ஐந்து முனை நட்சத்திரத்தைப் பொறிக்க வேண்டும் என்று அவர் மனைவி கேட்டார். முன்னாள் படைவீரர் நலத்துறையின் ஏற்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் 30-க்கும் மேற்பட்டவை இருந்தன, கடவுள் மறுப்பாளர்களுக்கான சின்னம்கூட இருந்தது, விக்காவின் சின்னம் மட்டும் இல்லை. சின்னம் இல்லாத பலகை வேண்டாம் என்று அந்தப் பெண் உறுதியாக நின்றார். அதனால் மற்ற வீரர்களின் பெயர்கள் வரிசையாக இருந்த சுவரில் அவருக்கான இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவருக்கு ஒரு கையகல இடத்தில் அவருடைய நம்பிக்கையைப் பொறிக்க வழியில்லை. விக்கா ஒரு சமயம்தான் என்று அதே நாட்டின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 1986-லேயே சொல்லியிருந்தும் இந்த நிலைமை. கடைசியில் வழக்குத் தொடுத்த பிறகு, 2007 ஏப்ரலில்தான் துறை அந்தச் சின்னத்தைப் பட்டியலில் சேர்த்தது.

லிதுவேனியாவிலும் இதே கதை. ஐரோப்பாவில் கடைசியாக, 1387-இல், கிறித்தவத்தை ஏற்ற நாடு அது. அங்கே ரோமுவா அமைப்பு அரசின் அங்கீகாரம் கேட்டபோது 2019-இல் நாடாளுமன்றம் மறுத்தது. மறுத்தது தவறு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது, அங்கீகாரம் கிடைத்தது 2024-இல். ஐஸ்லாந்தில் ஆசாத்ரூ அமைப்புக்கு 1973-லேயே கிடைத்துவிட்டது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 74,000 பேர் தங்களைப் பேகன் என்று பதிவு செய்திருக்கிறார்கள், விக்கா என்று தனியாக எழுதியவர்கள் 13,000 பேர். இவ்வளவும் தேடினால் கிடைக்கிற தகவல்தான். தேடத்தான் யாரும் இல்லை.

அவர்களைப் புகழ்ந்து எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. குறைகளையும் எழுதுங்கள். விக்கா பல ஆயிரம் ஆண்டுகள் அறுபடாமல் வந்த வழி என்று முதலில் சிலர் சொல்லிக்கொண்டது வரலாற்றாய்வில் நிற்கவில்லை, அது 20-ஆம் நூற்றாண்டில் உருவானது, இன்று விக்காவினரே பலர் இதை ஒப்புக்கொள்கிறார்கள். ஐரோப்பியச் சூனிய வேட்டையில் கொல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் சாதாரணக் கிறித்தவர்கள், அவர்களை இரகசியப் பேகன்களாகக் காட்டுவதும் சரியில்லை. நார்ஸ் சின்னங்களை இனவெறிக் கும்பல்கள் தூக்கிக்கொண்டு திரிகின்றன, அதையும் எழுதுங்கள். எழுதும்போது, 2016-இல் பல நாடுகளின் ஹீத்தன் அமைப்புகள், அதாவது ஆசாத்ரூ போன்ற நார்ஸ் வழியினரின் அமைப்புகள், பிரகடனம் 127 என்ற அறிக்கையில் கையெழுத்திட்டு அந்த இனவெறியோடு தங்களுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அறிவித்ததையும் சேர்த்து எழுதுங்கள். நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான். அவர்கள் என்ன நம்புகிறார்கள் என்பதை அவர்கள் சொல்வதிலிருந்து எழுதுங்கள்.

மற்றச் சமயங்களுக்கு நீங்கள் இதைத்தான் செய்கிறீர்கள். ஒவ்வொரு பெரிய சமயத்தைப் பற்றிய பகுதியையும் அந்தச் சமயத்தவர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்ததாக முன்னுரையில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எண்ணிக்கையில் சிறியவர்கள், கேள்வி கேட்க வரமாட்டார்கள் என்றால் சரிபார்க்கத் தேவையில்லையா? பெரும்பான்மைக்கு ஒரு நியாயம், சிறுபான்மைக்கு ஒரு நியாயம் என்று சமயக் கையேடே நடந்துகொண்டால் பிள்ளைகளுக்கு நாங்கள் எதைச் சொல்லிக்கொடுப்பது? இது இந்தக் கையேட்டோடு நிற்கிற விஷயமும் இல்லை. எங்கோ ஒரு குற்றம் நடந்து, அந்த இடத்தில் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று கிடைத்தால் போதும், மறுநாளே செய்தியில் பேகன்கள் வந்துவிடுகிறார்கள். செய்தி எழுதுகிறவர்களும் ஒரு காலத்தில் இப்படி ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தவர்கள்தானே.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன்: அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள். அடுத்த பதிப்பு வரை காத்திருக்காமல், இப்போது விற்பனைக்குப் போகும் பிரதிகளோடு ஒரு திருத்தத் தாளை வைத்து அனுப்புங்கள். சாத்தான் என்ற சொல்லையும் கறுப்பு மெழுகுவத்திப் படத்தையும் எடுத்துவிட்டு, புதிதாக எழுதுவதை ஒரு பேகனிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். எழுதித் தர ஆள் இல்லை என்றால் நான் எழுதித் தருகிறேன், பணமும் வேண்டாம், என் பெயரும் போட வேண்டாம். இந்த முறை பரிசீலிக்கிறோம் என்று மட்டும் பதில் போடாமல், திருத்தத் தாள் எந்தத் தேதியில் வரும் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கையேட்டை வைத்துப் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியர்