ஃபேனி கே அவர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஃபேனி கே அவர்களுக்கு,

நேற்றிரவு 'தி ஃபர்ஸ்ட் கிரேட் ட்ரெயின் ராபரி' படத்தை மூன்றாம் தடவையாகப் பார்த்தேன். மைக்கேல் கிரைட்டன் தன் நாவலைத் தானே இயக்கி எடுத்த படம், 1978-ல் வந்தது. ஷான் கானரியும் டொனால்ட் சதர்லாந்தும் நடித்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் கற்பனைதான். ஆனாலும் 1855-ல் இங்கிலாந்தில் ஓடும் ரயிலில் நிஜமாகவே நடந்த தங்கத் திருட்டுதான் அதன் வேர், அந்த வேர் உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. அப்படியிருந்தும் படத்தில் நீங்கள் இல்லை. அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். கிரிமியப் போர் முனைக்குச் சம்பளமாகப் போகும் தங்கம். பெட்டகங்களுக்கு நான்கு சாவி. அதில் இரண்டு ரயில் நிலைய அலுவலகத்தில். இரவுக் காவலர் ஒதுங்கப் போகும் 75 விநாடிக்குள் படியேறி, அலமாரியைத் திறந்து, மெழுகில் அச்செடுத்துத் திரும்ப வேண்டும். முடிவு தெரிந்திருந்தும் ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்கிறேன். ஓடும் ரயிலின் கூரை மேல் ஊர்ந்து போவது கானரியேதான், டூப் இல்லை.

நிஜத்தில், 1855 மே 15 இரவு யாரும் கூரையில் ஏறவில்லை. ஏற வேண்டிய தேவையே இல்லை, ரயில் கார்டு பர்ஜெஸே கூட்டாளி. உங்களோடு வாழ்ந்த, உங்கள் குழந்தையின் அப்பாவான எட்வர்ட் ஏகர் கார்டு பெட்டிக்குள் உட்கார்ந்தபடி, லண்டன் பிரிட்ஜ் நிலையத்திலிருந்து ஃபோக்ஸ்டன் துறைமுகம் போவதற்குள் தங்கத்தை எடுத்துவிட்டு ஈயக் குண்டுகளை நிரப்பினார். கள்ளச்சாவி பூட்டில் சரியாகத் திரும்ப வேண்டுமே என்று, அதற்கு முன்பே பலமுறை அதே ரயிலில் போய், போட்டுப் பார்த்து, அரத்தால் ராவி, மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறார். கூரைக் காட்சியைவிட இந்தப் பொறுமைதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்புறம் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் வீடு. நீங்கள் குழந்தையோடு இருந்த அதே வீட்டில்தான் தங்கத்தை உருக்கினார்கள். உருகியது சிந்தி தரைப்பலகை கருகியது. வெளியே போலீசுக்கு ஒரு துப்பும் கிடைக்கவில்லை. தங்கம் பாரிஸுக்குப் போக வேண்டியது என்பதால், திருட்டு எங்கள் பக்கம் நடக்கவில்லை என்று இங்கிலாந்தும் பிரான்சும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டிருந்தன.

அதே வருடம் ஏகர் வேறொரு வழக்கில், போலிக் காசோலைக்காக, மாட்டிக்கொண்டார். ஆயுள் முழுக்க நாடுகடத்தல். உங்களுக்கும் குழந்தைக்கும் கொடுக்கச் சொல்லித் தன் பணத்தைக் கூட்டாளி வில்லியம் பியர்ஸிடம் ஒப்படைத்தார். பியர்ஸ் ஏமாற்றிவிட்டார். நீங்கள் நியூகேட் சிறைத் தலைவரிடம் போய்ச் சொன்னீர்கள். விஷயம் ஏகர் காதுக்குப் போனதும் அவரே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு சாட்சி சொன்னார். அவ்வளவு கச்சிதமான திட்டம் அவிழ்ந்தது அங்கேதான்.

படத்தில் கானரியின் பியர்ஸ் நீதிமன்றத்தில் 'பணம் வேண்டியிருந்தது' என்று சொல்ல, கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. கடைசியில் சிறை வண்டியிலிருந்து தப்பியும் விடுகிறார். முதல் தடவை நானும் சந்தோஷப்பட்டேன். உங்கள் கதையைப் படித்த பிறகு அந்தக் கைத்தட்டலைக் கேட்க முடியவில்லை. நண்பனுடைய குழந்தையின் சோற்றில் கைவைத்த மனிதர் நிஜ பியர்ஸ். அவருக்குக் கிடைத்ததோ இரண்டே வருடம். பர்ஜெஸுக்கும் ரயில்வே எழுத்தர் டெஸ்டருக்கும் 14 வருட நாடுகடத்தல்.

படத்தில் மிரியம் என்று ஒருத்தி வருகிறாள். வேடம் போடுகிறாள், துணிச்சலாக உதவுகிறாள். எனக்குச் சேர வேண்டியது எங்கே என்று அவள் ஒரு இடத்திலும் கேட்பதாக எனக்கு நினைவில்லை. நீங்கள் கேட்டீர்கள்.

நியூகேட்டுக்குப் போன அன்று எதைச் சொல்லி ஆரம்பித்தீர்கள்? தங்கத்தையா, இல்லை குழந்தையையா? படம் ஓடும்போதெல்லாம் நான் தேடுவது அந்த ஒரு காட்சியைத்தான்.

அன்புடன்,
ஒரு ரசிகன்