பிரஷை எங்கள் கையில் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம்.

வரலாறு படிக்கும் எங்களுக்குச் செய்முறைத் தேர்வு கிடையாது. பக்கத்துக் கட்டடத்தில் வேதியியல் மாணவர்கள் குடுவையும் கையுமாக அலைவார்கள். நாங்கள் குறிப்பேட்டோடு சரி. கல்வெட்டியல் பாடத்தில்கூட ஒரு கல்லையும் தொடாமல் தேர்ச்சி பெற்றுவிடலாம். "எம்.ஏ. பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று ஓரிடத்தில் கேட்டே விட்டார்கள். தஞ்சை வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றின் சிவன் கோயிலில் கல்வெட்டைத் தாளில் படியெடுக்க எங்களுக்கு இடம் கொடுத்த நீங்கள் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற கல்வெட்டாய்வாளர் ஐயா, பெயரைப் போடக் கூடாது என்று கண்டித்துச் சொன்னீர்கள், போடவில்லை. நீங்கள் ஒரே ஒரு முறை செய்து காட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றுவிட்டீர்கள். கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்வரை பிரஷால் தட்ட வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும், அதுதான் கடினம். ஈரம் மிகுந்தால் மை ஊறி எழுத்தை அடைத்துவிடும், காய்ந்துபோனால் தாள் கல்லைவிட்டு எழும்பிவிடும். பதம் பார்த்து மை ஒற்றினால் கருப்பின் நடுவே எழுத்துகள் வெள்ளையாக நிற்கும். அச்சில் போல இடவலம் மாறிவிடுமோ என்று ஒரு தோழி கேட்டாள். மை படுவது தாளின் வெளிப்பக்கத்தில் என்பதை நீங்கள் சொல்லவில்லை, உரித்துப் பார்க்கச் சொன்னீர்கள். கிழிந்த தாள்களுக்கு முகம் சுளிக்காததற்குத் தனி நன்றி.

படிப்பது வேறு பாடு. அந்தக் கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல் இருக்கின்றன. சொற்களுக்கு இடையே இடைவெளியும் இல்லை. 'ஸ்வஸ்திஸ்ரீ' என்ற தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவி நகர்ந்தோம். கோயிலில் அணையாமல் எரியும் நந்தாவிளக்குக்கு, நெய்க்காக ஆடு கொடுத்த செய்தி அது.

இங்கேதான் நாங்கள் எதிர்பாராத ஆசிரியர் ஒருவர் கிடைத்தார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்ற கணக்கும், நாளுக்கு உழக்கு நெய் என்ற அளவும் எங்களுக்கு மனப்பாடம். 'சாவா மூவாப் பேராடு' என்பதையும் சாகாத, மூப்படையாத ஆடு என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். அதைக் கேட்டு, மதிலோரம் உட்கார்ந்திருந்த ஆடு மேய்க்கும் பெரியவர் சிரித்துவிட்டார். "செத்த ஆட்டுக்குப் பதில் குட்டி நிற்கும், மந்தை எண்ணிக்கை குறையாது, அவ்வளவுதானே" என்றார். எத்தனை ஆடு கறக்கும், எத்தனை சினையாக நிற்கும் என்று அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கியதும், அத்தனை ஆடு ஏன் தேவைப்பட்டது என்பது எங்களுக்கு முதன்முறையாக உறைத்தது. தாத்தா, தேர்வுத்தாளில் உங்களை மேற்கோள் காட்ட வழியில்லை. அது எங்கள் பல்கலைக்கழகத்தின் குறை.

அனுமதிக் கடிதத்தை விரைந்து கொடுத்த அலுவலர்களுக்கும், திருச்சுற்றில் மை சிந்திவிடுமோ என்று கவலைப்பட்டுக்கொண்டே கிணற்றடியைத் திறந்துவிட்ட குருக்கள் ஐயாவுக்கும், வெயில் ஏறியதும் மோர்ப் பானையோடு வந்த பூக்கடை அக்காவுக்கும் நன்றி. கிணற்றடியைக் கழுவிவிட்டுத்தான் கிளம்பினோம். ஒரு மூலையில் மட்டும் கறை இன்னும் இருக்கலாம்.

எங்கள் துறைத் தலைவருக்கு ஒரு விண்ணப்பமும் உண்டு. அடுத்த ஆண்டு இதைச் சுற்றுலாக் கணக்கில் சேர்க்காமல் பாடத்திட்டத்திலேயே சேர்த்து, மதிப்பெண்ணும் கொடுங்கள். மைக்கும் தாளுக்கும் மாணவர்கள் கைக்காசு போடும் நிலை வேண்டாம்.

எடுத்த படிகள் துறை நூலகத்தில் இருக்கின்றன. வாசகத்தை முழுமையாகப் படித்து எழுதியதும் ஒரு பிரதியைக் கோயிலுக்கும் இன்னொன்றை ஊர் நூலகத்துக்கும் கொண்டுவந்து தருகிறோம். ஆய்வாளர் ஐயா அதற்கு முன் ஒருமுறை பார்த்துத் திருத்தித் தர வேண்டும். ஏழாம் வரியில் இன்னும் சண்டை ஓயவில்லை.

நன்றியுடன்,
முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு மாணவ மாணவியர்